குழாய் திறந்ததும் ஐந்து நிமிடம் நாற்றம், டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) 280தான். குடிக்கலாமா?

விடியற்குழாய்:
மாநகராட்சி இணைப்பு. ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு மணி நேரம் தண்ணீர் வரும். முதல் ஐந்து நிமிடம் பழுப்பாக, லேசான சாக்கடை வாடையோடு வந்து, பிறகு தெளிந்துவிடுகிறது. எல்லாம் நேராக 6000 லிட்டர் சம்பில் (தரையடித் தொட்டி) விழுந்து, மோட்டார் வழியாக 1000 லிட்டர் மேல்தொட்டிக்குப் போகிறது. டி.டி.எஸ். மீட்டர் 280 காட்டுகிறது. தெளிந்த தண்ணீரை நம்பலாமா? ஆர்.ஓ. (உப்பையும் வடிகட்டும் சுத்திகரிப்பான்) வாங்கினால் தீருமா?

பழைய_வால்வ்:
இப்போதைக்குக் குடிக்கவும் பல் துலக்கவும் கொதிக்க வைத்த தண்ணீர் மட்டும். கொப்பளித்துக் கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் விட்டால் கிருமிகளுக்குப் போதும்.

டி.டி.எஸ். மீட்டரை இந்தக் கேள்விக்குள் கொண்டுவராதீர்கள். அது கரைந்த உப்பை மட்டுமே சொல்லும். ஒரு கணக்கு: சாக்கடை நீரின் டி.டி.எஸ். 800 என்று வையுங்கள். உங்கள் 280 தண்ணீரில் அது நூற்றுக்கு ஒரு பங்கு கலந்தால் மீட்டர் 285 காட்டும். அந்த வித்தியாசம் மீட்டரின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் அந்த ஒரு பங்கோடு மலக்கிருமிகள் ஆயிரக்கணக்கில் வந்துவிடும்.

நாற்றம் முதலில் மட்டும் வரக் காரணம், சப்ளை நின்றதும் குழாயில் அழுத்தம் போய்விடுவதுதான். இணைப்பு கசியும் இடத்தில் வெளியே சாக்கடை நீர் தேங்கியிருந்தால் அது உள்ளே இறங்கும். மறுபடி திறக்கும்போது அந்தப் பகுதிதான் முதலில் உங்கள் வீட்டுக்கு வருகிறது. தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுபவர்கள் இருந்தால், சப்ளை நேரத்திலேயே இது நடக்கும்.

பக்கத்து வீடுகளில் விசாரியுங்கள். எல்லோருக்கும் என்றால் தெருக்குழாயில் கோளாறு. உங்களுக்கு மட்டும் என்றால், வீட்டு இணைப்புக் குழாய் தெருவோரச் சாக்கடையைக் கடக்கும் இடத்தை முதலில் பாருங்கள். அங்கேதான் பெரும்பாலும் துருப்பிடித்து ஓட்டை விழும்.

க்ளோரின்_கணக்கு:
அளக்க வேண்டியது எஞ்சிய க்ளோரின், அதாவது கிருமியைக் கொல்லப் போட்டதில் தண்ணீரில் இன்னும் மிச்சம் இருப்பது. உலக சுகாதார நிறுவனம் வீட்டுக்கு வந்து சேரும் இடத்தில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மி.கி. இருக்க வேண்டும் என்கிறது. க்ளோரின் அளக்கும் டி.பி.டி. மாத்திரை கிட் வாங்குங்கள், மாத்திரை போட்டதும் வரும் இளஞ்சிவப்பு நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் போதும். க்ளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்த நிறமே வெளுத்து, பூஜ்யம்போலத் தெரியும். சந்தேகம் வந்தால் தண்ணீரைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி பாருங்கள்.

நான்கு இடத்தில் எடுங்கள்: தெருக்குழாய் நீர் திறந்ததும், பத்து நிமிடம் கழித்து, சம்பில், மேல்தொட்டிக் குழாயில். எந்த இடத்தில் எண் சட்டென்று விழுகிறதோ அங்கேதான் அழுக்கு க்ளோரினைத் தின்கிறது.

விடியற்குழாய்:
எடுத்தேன். திறந்ததும் 0, பத்து நிமிடத்தில் 0.4. அந்தத் தண்ணீர் சம்பில் நிரம்பி ஒரு மணி நேரத்தில் 0.1. மேல்தொட்டியில் 0. பக்கத்து வீடுகளில் நாற்றம் இல்லை.

க்ளோரின்_கணக்கு:
அப்படியானால் கோளாறு இரண்டு. இணைப்புக் குழாய் ஒன்று, சம்ப் இன்னொன்று. ஒரு மணி நேரத்தில் 0.4 இப்படி இறங்குவது வெறும் தேக்கத்தால் அல்ல, அடியில் சேறு இருக்கும், அல்லது சுவர் வழியாக ஏதோ ஊறுகிறது. சம்பைக் காலி செய்து துடைத்துவிட்டு, எந்த வால்வையும் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள். சுவரில் ஈரத்திட்டு தோன்றினால் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. பூசி அடைக்காமல் க்ளோரின் போடுவது வீண்.

தொட்டி_மேஸ்திரி:
சுத்தம் செய்யும் முறை. சம்புக்குள் இறங்குபவர் தனியாக இறங்கக் கூடாது. மூடியை நன்றாகத் திறந்து, மின்விசிறியால் காற்றை உள்ளே செலுத்தி, மேலே ஒருவர் நிற்க வேண்டும். உள்ளே இருக்கும்போது வெறும் தண்ணீரும் பிரஷும்தான். ப்ளீச்சிங் பவுடரை அங்கே பயன்படுத்தினால் மூச்சு அடைக்கும். ஆசிட்டோடு சேர்ந்தால் க்ளோரின் வாயுவே கிளம்பும்.

சேற்றை அள்ளி வெளியேற்றி ஆள் மேலே வந்தபிறகு தண்ணீர் நிரப்புங்கள். 30 சதவீத ப்ளீச்சிங் பவுடர் என்றால் 6000 லிட்டருக்கு 1 கிலோ, 1000 லிட்டருக்கு 170 கிராம். லிட்டருக்கு ஏறக்குறைய 50 மி.கி. வரும். பொடியை அப்படியே கொட்டாதீர்கள். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். பழைய, கட்டிபிடித்த பொடியில் வீரியம் போயிருக்கும். ஒவ்வொரு குழாயையும் க்ளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, 12 மணி நேரம் விட்டு, காலி செய்து, புதுத் தண்ணீரால் அலசுங்கள். ஃபில்டர் இருந்தால் முன்பே இணைப்பைக் கழற்றிவிடுங்கள், ஆர்.ஓ. சவ்வை க்ளோரின் கெடுத்துவிடும்.

சம்ப் மூடி தரையைவிட ஒரு சாண் உயரமாக, விளிம்பு கீழ்நோக்கி மடிந்து இருக்கட்டும். சம்புக்கு முன்னால் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு வெளியேற்று வால்வ் வையுங்கள். முதல் பத்து நிமிடத் தண்ணீர் சம்புக்குள் போகவே கூடாது. குழாய் சரியான பிறகும் அது பயன்படும்.

பழைய_வால்வ்:
ஆர்.ஓ. பற்றி: 280க்கு உப்பு நீக்கத் தேவையில்லை. அதன் முன்னால் இருக்கும் கார்பன் ஃபில்டர், மிச்ச க்ளோரினையும் எடுத்துவிடும், அதன் சேமிப்புத் தொட்டியில் பாதுகாப்பே இருக்காது. தண்ணீர் தெளிவாக வந்தால் வண்டல் ஃபில்டரும் யூ.வி.யும் (கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கு) போதும், கலங்கலாக இருந்தால் யூ.வி. வேலை செய்யாது.

புகாரில் "நாற்றம்" என்று மட்டும் எழுதாதீர்கள். தண்ணீர் திறந்த நேரம், எத்தனை நிமிடம் நீடித்தது, க்ளோரின் எண்கள், பக்கத்து வீடுகளில் இல்லை என்பது, இவற்றை எழுதுங்கள். எங்கே தோண்டுவது என்பது அதிலேயே தெரிந்துவிடும். புதுக் குழாய் போடும்போது சாக்கடைக்கு அடியில் வேண்டாம், மேலாக, உறைக்குழாய்க்குள் போகட்டும்.

க்ளோரின்_கணக்கு:
வேலை முடிந்து ஒரு வாரம் கழித்து ஈ.கோலி (மலக்கிருமி) பரிசோதனைக்கு மேல்தொட்டிக் குழாயில் மாதிரி எடுங்கள். பாட்டிலை ஆய்வகத்திலிருந்தே வாங்குங்கள், க்ளோரினை முறிக்கும் தயோசல்ஃபேட் அதில் இருக்கும், அதனால் பாட்டிலை அலசக் கூடாது. குழாய் முனையில் வலை இருந்தால் கழற்றி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேருங்கள். 100 மி.லி.யில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒன்று வந்தாலும் கொதிக்க வைப்பதை நிறுத்தாதீர்கள்.