புதுப்பிப்பு: எங்கள் மெயில்கள் ஸ்பேமுக்குப் போனது சரியாகிவிட்டது (எஸ்பிஎஃப், சென்டர் ஐடி, டிகிம்)

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. எங்கள் அச்சகத்தின் கொட்டேஷன், பில் இரண்டும் வாடிக்கையாளர்களின் ஸ்பேமில் விழுகின்றன என்று போன மாதம் கேட்டிருந்தேன். இப்போது இன்பாக்ஸுக்கே போகின்றன.

இரண்டாவது பதிலில் சொன்னதுதான் சரி: எங்கள் டொமைனில் இரண்டு எஸ்பிஎஃப் பதிவுகள் (டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்) இருந்தன, ஒன்று எங்கள் சர்வருக்கு, ஒன்று பில் அனுப்பும் சேவைக்கு. வாங்கும் சர்வர் இரண்டையும் சேர்த்துப் பார்க்காது, நிரந்தரப் பிழை என்று நிறுத்திவிடும். இரண்டையும் ஒரே டிஎக்ஸ்டி பதிவாக்கியதும் (டொமைனின் டிஎன்எஸ்ஸில் வைக்கும் எழுத்துப் பதிவு), அதைச் சரிபார்க்க வாங்கும் சர்வர் செய்ய வேண்டிய டிஎன்எஸ் தேடல்கள் 12 ஆகிவிட்டன. வரம்பு 10. வேண்டாத இன்க்ளூட்களை (வேறு டொமைனின் பட்டியலையும் சேர்க்கச் சொல்லும் பகுதிகள்) எடுத்தேன், கொட்டேஷன் மெயில்கள் சரியாகின.

பழைய சென்டர் ஐடி (எஸ்பிஎஃப் போலவே அனுப்புநரைச் சரிபார்க்க வந்த இன்னொரு முறை) பதிவைத்தான் நான் முதலில் சந்தேகப்பட்டேன். அது தவறு. சென்டர் ஐடி, எஸ்பிஎஃப் இரண்டும் 2006இல் சோதனை நிலையில் வெளியானவை, நிலைத்தது எஸ்பிஎஃப் மட்டுமே. சென்டர் ஐடி பதிவின் தொடக்கம் வேறு என்பதால் எஸ்பிஎஃப் சோதனை அதைத் தொடுவதே இல்லை. இருந்தாலும் நீக்கிவிட்டேன்.

எதிர்பாராதது, பில் மெயில்கள் அப்போதும் டிமார்க்கில் (எஸ்பிஎஃப் அல்லது டிகிம் பாஸான டொமைன், ஃப்ரம் முகவரியின் டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் சோதனை) தோற்றதுதான். எஸ்பிஎஃப் பார்ப்பது ரிட்டர்ன்-பாத் முகவரியை (மெயில் போய்ச் சேராவிட்டால் திரும்பி வரும் முகவரி). அங்கே இருந்தது சேவையின் டொமைன், டிகிம் கையொப்பமும் (அனுப்பும் டொமைனின் பெயரில் மெயிலில் சேரும் டிஜிட்டல் கையொப்பம்) அவர்கள் பெயரில். அதனால் இரண்டும் பாஸ் ஆகியும் எங்கள் ஃப்ரம் முகவரியோடு பொருந்தவில்லை. எங்கள் டொமைனிலேயே டிகிம் போடச் சொன்னவருக்குத் தனி நன்றி, அதுதான் தீர்த்தது. ஒரு எச்சரிக்கை: டிகிமுக்காக டிஎன்எஸ்ஸில் போடும் 2048 பிட் சாவி, ஒரு துண்டுக்கான வரம்பான 255 எழுத்துக்குள் அடங்காது. எங்கள் டிஎன்எஸ் பேனல் சத்தமில்லாமல் வெட்டிவிட்டது. ஒரே பதிவுக்குள் இரண்டு மேற்கோள் துண்டுகளாகப் பிரித்துப் போட்டதும் பாஸ்.