மறு: ‘அப்டேட்’, ‘அப்கிரேட்’: பழைய வீட்டுக் கணினிக்கு இரண்டு சொல் வேண்டும்

எழுதியவர்: கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

குழுவினருக்கு வணக்கம்.

அவசரமாகச் சொல் தேவைப்படுகிறது. கேரளத்தில் உள்ள எங்கள் தமிழ்வழிப் பள்ளியின் லிட்டில் கைட்ஸ் (மாணவர் கணினி மன்றம்) பிள்ளைகள் பெற்றோருக்காக ஒரு துண்டறிக்கை தயாரிக்கிறார்கள். வீட்டில் இருக்கும் பழைய கணினியின் இயங்குதளத்தை (விண்டோஸ் போன்ற ‘ஆப்பரேட்டிங் சிஸ்டம்’) மாற்றுவதா, அப்படியே வைத்துக்கொள்வதா என்பதுதான் பொருள். மலையாளப் படி முடிந்துவிட்டது. சனிக்கிழமை இரண்டும் சேர்ந்து அச்சுக்குப் போக வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, 4 ஜிபி ரேம், இன்டெல் செயலியாக இருந்தால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் என்று கேட்கிறது. இங்கே வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் அதற்கு முந்தையவை.

பிள்ளைகளின் முதல் வரைவில் ‘அப்டேட்’டுக்கும் மேம்படுத்தல், ‘அப்கிரேட்’டுக்கும் மேம்படுத்தல். ஒரு தாய் அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: “அணைக்கும்போதெல்லாம் ‘அப்டேட் அண்ட் ஷட் டவுன்’ என்று வருகிறது, நானும் அழுத்துகிறேன். மேம்படுத்தித்தானே வைத்திருக்கிறேன், அப்புறம் எதற்கு மறுபடியும்?” அவர் கேட்டதில் தவறே இல்லை. அவ்வப்போது வரும் திருத்தம் ‘அப்டேட்’, விண்டோஸ் 10-இலிருந்து 11-க்குப் போவது ‘அப்கிரேட்’. இரண்டுக்கும் இரண்டு சொல் தாருங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சொல்லி, பெற்றோருக்குப் புரிய வேண்டும்.

—

எழுதியவர்: செங்கோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்புள்ள அம்மா,

முதலாவதற்குச் சொல் இருக்கிறது: இற்றைப்படுத்தல். அன்று என்பது அற்றை ஆவதுபோல இன்று என்பது இற்றை ஆகும். பாரி மகளிர் பாடிய புறநானூறு 112-இல் ‘அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்’ என்று தொடங்கி ‘இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்’ என்று வருகிறதே, அந்த இற்றைதான். நேற்றைய நிலையில் இருப்பதை இன்றைய நிலைக்குக் கொண்டுவருவது. இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் கண்டதில்லை. மூவேந்தரும் முற்றுகையிட்ட பாரியின் பறம்பு மலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் கடிதம் நீளும், விட்டுவிடுகிறேன்.

இரண்டாவதற்குத் தரமுயர்த்தல். உயர்நிலைப் பள்ளியை மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தினார்கள் என்று எல்லாரும் சொல்கிறோம், எல்லாருக்கும் புரியும்.

இன்னொன்று. இயங்குதளம் என்று எழுதியிருக்கிறீர்கள். இயங்கு தன்வினை (தானே இயங்குவது), இயக்கு பிறவினை (மற்றொன்றை இயங்கச் செய்வது). மற்ற நிரல்களை இயக்குவது அது. ஆகவே இயக்குதளம் என்பதே சரி. பிள்ளைகள் இப்போதே சரியாகக் கற்கட்டும்.

—

எழுதியவர்: தேவிகுளம், கணினி பழுதுபார்ப்பவர்

ஐயாவுக்கு வணக்கம். இலக்கணத்தில் உங்களோடு போட்டி போட எனக்குத் தெரியாது. ஆனால் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் போய் “கணினியை இற்றைப்படுத்தணும்” என்றால், “இத்துப்போச்சா, பார்ட்ஸ் கிடைக்குமா?” என்றுதான் கேட்பார்கள். இற்றுப்போன கயிறு, இற்றுப்போன தகரம் என்று சொல்லிப் பழகிய காது அது. சொல் சரிதான், போய்ச் சேரும் இடத்தில் வேறு பொருளாகிவிடுகிறது.

ஆசிரியை அக்காவுக்கு ஒரு வேண்டுகோள். எந்தச் சொல் வைத்தாலும் இதையும் சேருங்கள்: பழைய கணினி மெதுவாக இருப்பதற்குப் பல வீடுகளில் காரணம் இயங்குதளம் இல்லை, சுழலும் ஹார்டு டிஸ்க். அதை எடுத்துவிட்டு சுழலாத, வேகமான எஸ்எஸ்டி போட்டாலே பாதிப் புகார் போய்விடும்.

—

எழுதியவர்: குப்பம், கல்வெட்டு ஆர்வலர்

நண்பர்களே,

ஐயா சொன்ன தன்வினை, பிறவினையில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. இயங்குதளம் வினைத்தொகை, அதாவது காலம் காட்டாத வினையும் பெயரும் சேர்ந்த சொல். வினைத்தொகையில் பின்னால் நிற்கும் பெயர்தான் அந்த வினையைச் செய்ய வேண்டும் என்று விதி இல்லை. ஆடுகளத்தில் களம் ஆடுவதில்லை, ஆடுகிறவர் வேறு. உண்கலத்தில் கலம் உண்பதில்லை. அதேபோல நிரல்கள் இயங்குகிற தளம் இயங்குதளம். மாற்றத் தேவையில்லை.

‘அப்டேட்’டுக்குப் புதுக்கல் என்பதை முன்வைக்கிறேன். இங்கே ஆந்திரத்தில், தெலுங்கில் நவீகரணம் என்கிறார்கள், வடமொழி. கேரளத்தில் ரேஷன் கார்டையும் லைசன்ஸையும் புதுக்குகிறார்கள். புதுக்கு என்பது நம்முடைய பழைய வினை. கோயிலைப் பழுதுபார்த்து வருவதற்காக விட்ட நிலத்துக்குக் கல்வெட்டுகளில் புதுக்குப்புறம் என்று பெயர். கோயில் அதே கோயில்தான், பழுதை மட்டும் அவ்வப்போது நீக்குகிறார்கள். மாதாமாதம் வரும் ‘அப்டேட்’டும் அந்த வேலையைத்தானே செய்கிறது?

புறம் என்ற சொல் அறப்புறம், மடப்புறம் என்று எத்தனை விதமாக வருகிறது என்பது தனி ஆய்வுக்குரியது. அடுத்த மடலில் எழுதுகிறேன்.

—

எழுதியவர்: வாளையார்

புதுக்கல் வேண்டவே வேண்டாம். குப்பத்தில் இருப்பவருக்குக் கேரள எல்லையில் தமிழ்ப் பாடம் நடத்தும் எங்கள் சங்கடம் தெரியாது. இங்கே பிள்ளைகள் தமிழ் எழுதும்போது மலையாளம் கலந்துவிடுகிறது. அதைத் திருத்தித் திருத்தியே கை ஓய்கிறது. இப்போது நாமே அச்சடித்து மலையாளச் சொல்லைக் கையில் கொடுத்தால் எந்த முகத்தோடு அடுத்த நாள் சிவப்பு மையில் சுழிப்பேன்? புதுப்பித்தல் என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. தமிழ்நாட்டில் எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்று நன்னூலைக் காட்டி யாரும் வர வேண்டாம், அது எல்லாவற்றுக்கும் திறந்த கதவு இல்லை.

—

எழுதியவர்: குப்பம்

புதுக்கு மலையாளச் சொல் அல்ல என்பதற்குத்தானே கல்வெட்டைக் காட்டினேன்! நாம் கைவிட்டதை அவர்கள் பேணி வைத்திருக்கிறார்கள். அதைத் திரும்ப எடுப்பது கடன் வாங்குவதாகுமா?

—

எழுதியவர்: செங்கோட்டை

எங்கள் ஊரே 1956 நவம்பர் 1 வரை மலையாளக் கரையின் ஆட்சியில் இருந்ததுதான். சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அச்சமில்லை. புதுக்கு நல்ல வினை, ஏற்கிறேன். ஆனாலும் புதுக்கல், புதுப்பித்தல் இரண்டிலும் காலம் இல்லை. இற்றையில் இருக்கிறது. தம்பி சொல்லும் ‘இத்துப்போன’ சிக்கல் பேச்சு வழக்கில் வருவது, எழுத்தில் இரண்டும் தெளிவாக வேறு.

வினைத்தொகை விளக்கம் அழகு, ஆனால் பொருந்தவில்லை. ஆடுகளம் சும்மா கிடக்கும். இது சும்மா கிடப்பதில்லை. எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவகம், எந்த நிரல் எப்போது செயலியைப் பெறும், எது காத்திருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அது. ஊருக்கு நாட்டாண்மை மாதிரி. நாட்டாண்மையைக் களம் என்று சொல்வோமா?

—

எழுதியவர்: கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

எல்லாருக்கும் நன்றி. ‘அப்டேட்’டுக்கு இற்றைப்படுத்தல், புதுக்கல், புதுப்பித்தல் மூன்றில் எது வந்தாலும் சமாளித்துக்கொள்வேன். எனக்கு உறுத்துவது இரண்டாவது சொல்.

பிள்ளைகளுடன் உட்கார்ந்து துண்டறிக்கையின் தலைப்பை எழுதினோம். ‘உங்கள் பழைய கணினியைத் தரமுயர்த்த வேண்டுமா?’ எழுதியதும் ஒரு மாணவி கேட்டாள்: “வேண்டாம்னு யார் டீச்சர் சொல்லுவாங்க?” தரம் உயர்வதை யார் மறுப்பார்கள்? மேம்படுத்தலும் அப்படித்தான். கேள்வி கேட்பதற்கு முன்பே சொல் பதிலைச் சொல்லிவிடுகிறது. எங்கள் அறிக்கையின் நோக்கமே வீட்டாரை நிதானமாக யோசிக்க வைப்பது. ரேம் குறைந்த, ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் விண்டோஸ் 11-ஐ ஏதோ குறுக்குவழியில் ஏற்றினால் என்ன தரம் உயரும்? மெதுவாகும். தகுதி பெறாத கணினிகளுக்குப் புதுப்பித்தல்கள் தொடர்ந்து வரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்டும் தரவில்லை. அதைத் தரமுயர்த்தல் என்று அச்சடித்துக் கொடுக்க எனக்கு மனமில்லை. பயந்துபோய்க் கடன் வாங்கிப் புதுக் கணினி வாங்குகிற வீடுகள் இங்கே உண்டு.

புகழும் பழியும் இல்லாத ஒரு சொல் வேண்டும். நடப்பது என்ன? ஒரு பதிப்பு போய் இன்னொரு பதிப்பு வருகிறது. பதிப்பு மாற்றம் என்று வைத்தால் என்ன?

—

எழுதியவர்: செங்கோட்டை

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாற்றம் எல்லாப் பக்கமும் போகும். 11-இலிருந்து 10-க்குத் திரும்பினாலும் பதிப்பு மாற்றம்தான். முன்னோக்கிப் போவது சொல்லில் தெரிய வேண்டும். பதிப்பேற்றம் எனலாமே? ஒரே சொல், செறிவு.

—

எழுதியவர்: தேவிகுளம்

ஐயா, பதிவேற்றம் ஏற்கெனவே ‘அப்லோட்’டுக்குப் போய்விட்டது. சின்ன எழுத்தில் அச்சடித்தால் பதிவேற்றம், பதிப்பேற்றம் இரண்டும் ஒன்றாகத்தான் கண்ணில் படும். படத்தை வாட்ஸப்பில் ஏற்றச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் அக்கா பக்கம். ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. என்னிடம் வரும் பழைய கணினிகளில் பலவற்றுக்கு நான் லினக்ஸ்தான் போட்டுத் தருகிறேன். பள்ளிக்கூடத்தில் கேரள அரசின் கைட் நிறுவனம் கொடுக்கும் குனு/லினக்ஸைப் பிள்ளைகள் பழகியிருப்பதால் வீட்டில் மிரட்சி இல்லை. அந்த வேலை பதிப்பு மாற்றம் ஆகாது. ஆளே மாறிவிடுகிறது. அதற்குத் தனிச்சொல் வேண்டும்.

—

எழுதியவர்: வாளையார்

தளமாற்றம். (தளம் வடசொல்லா என்ற விவாதத்தை இன்று யாரும் தொடங்காதீர்கள், சனிக்கிழமை நெருங்குகிறது.)

—

எழுதியவர்: குப்பம்

தளமாற்றத்துக்கு என் ஆதரவு. ஆதரவு என்றதும் நினைவு வந்தது: ‘ஆதரவு முடிந்தது’ என்று எழுதப் போகிறீர்களா? ஆதரவு, ஆதரம் என்ற வடசொல் வழி வந்தது. அதைவிட, ஆதரவற்ற கணினி என்று எழுதினால் அநாதை விடுதி நினைவுக்கு வருகிறது. மலையாளத்தில் பிந்துணை என்பார்கள். அதைப் பின்துணை என்று எடுத்துக்கொள்ளலாம், இரு பக்கமும் தமிழ்.

—

எழுதியவர்: வாளையார்

மறுபடியும் மலையாளமா?

—

எழுதியவர்: தேவிகுளம்

ஆதரவோ பின்துணையோ, இரண்டைப் படித்தாலும் அடுத்த நாள் கணினி திறக்காது என்று பயப்படுகிறார்கள். “அக்டோபரோட செத்துப்போச்சாமே” என்று ஒருவர் நல்ல கணினியைப் பழைய இரும்புக்குப் போடக் கொண்டுவந்தார். கணினி நிற்பதில்லை. புதிதாகக் கண்டுபிடிக்கும் ஓட்டைகளுக்கு அடைப்பு வராது, அவ்வளவுதான். அதை ஒரு சொல்லில் அடக்காதீர்கள், ஒரு வாக்கியமாக எழுதுங்கள்: ‘கணினி வேலை செய்யும், ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வராது.’ அதோடு, இணையத்தில் வங்கி வேலை பார்க்கிற கணினி என்றால் அப்படியே விடக் கூடாது, இணையமே இல்லாமல் கணக்கு எழுதவும் பாட்டுக் கேட்கவும் மட்டும் என்றால் அவசரமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்துப் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தம் வாங்கலாம் என்ற வழியும் இருக்கிறது.

—

எழுதியவர்: கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

அச்சகத்தில் கேட்கிறார்கள். எனக்குத் தனியாக வந்த மடல்களையும் சேர்த்துப் பார்த்தால் புதுப்பித்தலுக்குத்தான் அதிகம் பேர். புதுக்கல் எனக்குப் பிடித்திருந்தும் விட்டுவிடுகிறேன், வாளையார் அக்கா சொன்ன சிவப்பு மையை நானும் தினமும் எடுக்கிறேன். அறிக்கையில் போவது இது:

“புதுப்பித்தல் என்பது இருக்கும் இயங்குதளத்தில் உள்ள குறைகளை நீக்குவது. பதிப்பு மாற்றம் என்பது அடுத்த பதிப்புக்குப் போவது, எடுத்துக்காட்டு: விண்டோஸ் 10-இலிருந்து 11. தளமாற்றம் என்பது வேறொரு இயங்குதளத்துக்கே போவது, எடுத்துக்காட்டு: விண்டோஸிலிருந்து லினக்ஸ். நீங்கள் அவ்வப்போது செய்வது முதலாவது. இப்போது முடிவெடுக்க வேண்டியது மற்ற இரண்டைப் பற்றி.”

இதன்கீழே தேவிகுளத்துத் தம்பி சொன்ன ‘கணினி வேலை செய்யும்’ வாக்கியம் அப்படியே வருகிறது. வரைவை அந்தத் தாயிடம் காட்டினேன். படித்துவிட்டு, “அப்போ நான் செய்யறது முதலாவது. எங்க மெஷினுக்கு மூணாவதுதான் வழியா?” என்று கேட்டார்.

—

எழுதியவர்: தேவிகுளம்

அக்கா, இடம் இருந்தால் ஒரு வரி. எதை மாற்றினாலும் முதலில் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகை, சங்கக் கணக்கு, தாத்தா எழுதிய குடும்ப வரலாறு எல்லாம் பல வீடுகளில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத தளத்தில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தும் குறியுமாக வரும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்துருவை லினக்ஸில் நிறுவினால் திரும்பத் தெரியும், எந்தத் தளத்திலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவைத்தால் இன்னும் நல்லது. கணினி பழைய 32 பிட் வகையா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், அதில் இப்போதைய உபுண்டு லினக்ஸ் ஏறாது.

—

எழுதியவர்: செங்கோட்டை

அறிக்கை நன்றாக வந்திருக்கிறது, பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. பதிப்பு மாற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், ஆசிரியை சொன்ன காரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. இயங்குதளத்தை மட்டும் ஏற்கவில்லை. இயக்குதளம் என்பதற்கான காரணங்களைத் தனி இழையாக எழுதுகிறேன். குப்பத்து நண்பர் வினைத்தொகைக்கு இன்னும் எடுத்துக்காட்டு வைத்திருந்தால் அங்கே தரவும். ஆடுகளம் வேண்டாம், அதற்குப் பதில் சொல்லியாயிற்று.