சீலிங்கில் மஞ்சள் கறை, காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
20 வருஷ வீடு. மேலே மொட்டை மாடி, தட்டோடு பதித்தது. ஐப்பசி மழைக்கு அப்புறம் படுக்கையறை சீலிங்கில் ஃபேனை ஒட்டி மஞ்சள் வட்டம். பக்கத்திலேயே உள்ளங்கை அகலத்துக்குக் காரை விழுந்து, துருப்பிடித்த கம்பி தெரிகிறது. புட்டி வைத்து டேம்ப் ப்ரூஃப் (ஈரம் தடுக்கும் பெயிண்ட்) அடித்தால் போதும் என்கிறார் பெயிண்டர். செய்யலாமா?

பதில் 1:
வேண்டாங்க. கீழே பூசி மறைத்தால் ஈரம் கான்கிரீட்டுக்குள்ளேயே தங்கும், கம்பி இன்னும் அரிக்கும். துரு, இரும்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். அந்த உப்பல்தான் காரையைத் தள்ளுகிறது.

முதலில் அந்த ஃபேன் லைனின் எம்.சி.பி.யை (மின் பெட்டியில் அந்த லைனுக்கான சுவிட்சை) இறக்கிவிடுங்கள், கட்டிலையும் நகர்த்துங்கள். தளத்துக்குள் போகும் வயர் குழாய் வழியாகத் தண்ணீர் ஃபேன் பெட்டிக்கு வந்து சேரும். அதனால் கறைக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நம்ப வேண்டாம். ஒரு குச்சியால் சீலிங் முழுக்கத் தட்டுங்கள். பொத்தென்று சத்தம் வரும் இடமெல்லாம் காரை பிடிப்பு விட்டிருக்கிறது, சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள்.

பதில் 2:
மழை விட்டதும் மாடியைச் சோதியுங்கள். கம்பி தெரிவதால் மொத்த மாடியிலும் தண்ணீர் கட்டாதீர்கள். கலவையால் சின்ன வரப்பு போட்டு, ஒவ்வொரு பகுதியாக 1 அங்குலம், 24 மணி நேரம். அதுவே சதுர மீட்டருக்கு 25 கிலோ பாரம். கீழே ஈரம் எப்போது தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் கைப்பிடிச்சுவர் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், தட்டோட்டு இடுக்கு, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். இடுக்கை 10 மி.மீ. ஆழம் சுரண்டி, பாலிமர் கலந்த சிமெண்டால் அடையுங்கள். மூலையில் 2 அங்குலத்துக்குச் சாய்வாகக் கலவை பிடியுங்கள். நன்கு காய்ந்ததும் அக்ரிலிக் கோட்டிங். முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே மூலையில் ஃபைபர் வலை, சுவரில் 1 அடி உயரம் வரை ஏற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்:
கம்பியை என்ன செய்வது?

பதில் 3:
மாடி வேலை முடிந்து சீலிங் உலர்ந்த பிறகுதான். ஒரு சதுர அடி பாலிதீன் ஷீட்டைச் சீலிங்கில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பாருங்கள். ஷீட்டுக்கு உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

கம்பிக்குப் பின்னால் முக்கால் அங்குலம் வரை கொத்தி, வயர் பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து, ஜிங்க் ப்ரைமர் அடியுங்கள். பிறகு பாலிமர் மோட்டார் (பாலிமர் சேர்த்த சிமெண்ட் கலவை), ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். வெறும் மணல் சிமெண்ட் பூச்சு தலைகீழாக நிற்காது, அடுத்த மழைக்குள் விழுந்துவிடும்.

தேய்த்த கம்பி கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தாலோ, தளம் தொய்ந்திருந்தாலோ, கொத்தனாரை நிறுத்திவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அதுவரை கீழே முட்டு கொடுத்து வையுங்கள்.