ஏழு கல் தோட்டில் வைரத்துக்குப் பதில் மாய்சனைட் வைக்கலாமா?

குடியாத்தம்வாசி:
தினமும் போடுவதற்கு ஏழு கல் தோடு, ஒரு ஜோடி. 22 காரட் தங்கம், கல் ஒவ்வொன்றும் 3 மி.மீ. வேலூர் லாங் பஜாரில் ஒரு கடையில் ஏ.டி. (அமெரிக்கன் டைமண்ட், அதாவது க்யூபிக் ஜிர்கோனியா) போதும் என்கிறார்கள், இன்னொன்றில் மாய்சனைட் (வைரம் போல மின்னும் சிலிக்கன் கார்பைடு கல்), அடுத்ததில் லேப் வைரம் (ஆய்வகத்தில் வளர்த்த வைரம்). எது உழைக்கும்? பழைய மாதிரி, கல்லின் பின்பக்கம் அடைத்த மூடின கட்டில் வைக்கலாமா?

கல்கட்டு:
தினசரிக்கு ஏ.டி. வேண்டாம். மோஸ் அளவில் (கீறலைத் தாங்கும் அளவு, உச்சம் 10) கடினம் 8-க்குச் சற்று மேல்தான், போகப் போகப் பட்டை முனைகள் மழுங்கிவிடும். மாய்சனைட் 9.25. லேப் வைரம் 10, அது அசல் கார்பன்தான். மாய்சனைட்டில் வண்ணச் சிதறல் (ஒளியை வானவில் நிறங்களாகப் பிரிப்பது) வைரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் (0.104, வைரம் 0.044). ஒற்றைப் பெரிய கல்லில் அது காட்டிக்கொடுக்கும், 3 மி.மீ.யில் உறுத்தாது. என் ஓட்டு மாய்சனைட்டுக்கு.

மூடின கட்டு கூடாது. எண்ணெயும் மஞ்சளும் சோப்பும் கல்லுக்கு அடியில் இறங்கினால் வெளியே எடுக்க வழியில்லை, கல்லின் ஒளி செத்துப்போகும். அதற்காக 22 காரட்டில் கவ்வு (கல்லைப் பிடிக்கும் சிறு கொக்கிகள்) வைத்தாலும் தங்கம் மிருது, கவ்வு விரிந்து கல் விழும். சுற்றி விளிம்பு மடக்கி, பின்னால் துளை விட்டுக் கட்டச் சொல்லுங்கள். கவ்வுதான் வேண்டுமென்றால் 18 காரட்.

காட்பாடி_லென்ஸ்:
லேப் வைரம் என்று வாங்கினால் பேனா டெஸ்டரை நம்பாதீர்கள். அது வெப்பம் கடத்துவதை மட்டும் பார்க்கும். மாய்சனைட்டுக்கும் 'வைரம்' என்றே கத்தும். மின்கடத்தலும் பார்க்கும் டெஸ்டர் வேண்டும். அல்லது 10 மடங்கு லென்ஸில் கல்லைச் சாய்த்து, ஓரப் பட்டை வழியே அடிப்பட்டைக் கோடுகளைப் பாருங்கள். இரட்டையாகத் தெரிந்தால் மாய்சனைட். நேர் மேலிருந்து பார்த்தால் பெரும்பாலும் தெரியாது, அந்தத் திசையில் இரட்டிப்பு விழாதபடிதான் அறுத்திருப்பார்கள்.

பாலாறு:
பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்கம் மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். ஏ.டி. கனம்: 3 மி.மீ.யில் 14 கல் கிட்டத்தட்ட அரை கிராம். அதைத் தங்கத்தோடு சேர்த்தால் நஷ்டம் யாருக்கு? கல்லின் பெயரையும் எழுதி வாங்குங்கள், ஹெச்.யு.ஐ.டி. (நகையில் பொறிக்கும் ஹால்மார்க் எண்) தங்கத்தின் தரத்துக்குத்தான், கல்லுக்கல்ல. திரும்ப விற்கும்போது மாய்சனைட்டுக்குக் காசு எதிர்பார்க்காதீர்கள்.

கல்கட்டு:
இன்னொன்று. திருகாணித் தண்டு பற்றவைக்கக் கொடுத்தால் என்ன கல் என்று பத்தரிடம் சொல்லிவிடுங்கள். லேப் வைரமும் நேர்ச் சூட்டில் மேல் எரிந்து பால் பூத்தாற்போல் ஆகும். போரிக் பவுடரைக் கரைத்துப் பூசிவிட்டுத்தான் டார்ச். எந்தக் கல்லையும் சூட்டோடு தண்ணீரில் போடக்கூடாது, விரிசல் விடலாம். நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம், மாய்சனைட்டின் மேல் எண்ணெய்ப் படலம் போல வண்ணம் படியும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர லிக்விட் இரண்டு சொட்டு, மெல்லிய பிரஷ்ஷால் பின்துளை வழியாகத் தேய்த்து உடனே துடையுங்கள்.