தோட்ட ரயிலுக்கு இடுப்பு உயரத்தில் பாதை: மரம் வளைத்த அனுபவம்

இங்கிலாந்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் தோட்டத்தில் ரயில் ஓட்டுபவர். கரண்டில் ஓடுவது அல்ல. குட்டிக் கொதிகலன், அடியில் கேஸ் சுடர், நிஜ நீராவி. தண்டவாள அகலம் 45 மி.மீ. ஒவ்வொரு முறையும் மண்டியிட்டுத் தண்ணீர் ஊற்றிப் பற்றவைக்க அவரால் முடியாமல் போகவே, தரையோடு கிடந்த பாதையைத் தூண்களில் நிற்கும் மரச்சட்டத்தின் மேல் இடுப்பு உயரத்துக்குத் தூக்கினோம்.

வளைவுக்கு மரத்தை ஆவியில் வேகவைப்பார் என்று நினைத்திருந்தேன். அதற்கு ஓக், ஆஷ், பீச் மாதிரி மரம் வேண்டும். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆவி பிடிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சூளையில் உலர்த்திய பைன் அதற்கு ஒத்துவராது. அவர் செய்தது ஏணி முறை. மெல்லிய இரண்டு பட்டிகளைப் படுக்கப் போடாமல் செங்குத்தாக நிறுத்தி, நடுவில் சாணுக்கு ஒரு கட்டை வைத்து, இரண்டு பக்கமும் ஸ்க்ரூ முடுக்குவது.

தடிமன் பாதியானால் வளைக்க வேண்டிய பலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். 12 மி.மீ. பட்டி இரண்டு பேர் இழுத்தும் முரண்டு பிடித்தது. அதையே 6 மி.மீ. ஆகக் கிழித்ததும் ஒரு கைக்கு வளைந்து கொடுத்தது. உயரம் மட்டும் அதே 50 மி.மீ. இருப்பதால் ரயில் பாரத்துக்குத் தொய்யாது. ஒவ்வொரு கட்டையாக முடுக்க முடுக்க வளைவு விறைத்துக்கொண்டே வந்தது எனக்கு அவ்வளவு பிடித்தது! கடைசியில் கிளாம்பைக் கழற்றியபோது ஒரு நூல் அளவுதான் திரும்பியது.

வெளிப்பட்டி நீளமாக இருக்க வேண்டும். பட்டிகளுக்கு இடையே மையத்துக்கு மையம் 60 மி.மீ. என்றால் அரைவட்டத்துக்கு 19 செ.மீ. கூடுதல், வளைவு பெரிதோ சிறிதோ, கணக்கு அதுவே. எனவே நுனிகளைக் கடைசியில் அறுங்கள். கணு உள்ள பட்டியைத் தொடவே வேண்டாம். கட்டைவிரல் நகமளவு கணுதான். வெளிப்புறம் நார்நாராகப் பிரிந்து டப்பென்று முறிந்தது.

ஒவ்வொரு தூணிலும் ரசமட்டம் வையுங்கள், நீளவாக்கிலும் குறுக்கிலும். இந்த எஞ்சினுக்குள் ஓட்டுநர் இல்லை; இறக்கம் கண்டால் வேகமெடுத்து வளைவில் கவிழ்ந்துவிடும்.

பதில், டொராண்டோவிலிருந்து:

அண்ணா, நாங்களும் ஏணி முறைதான், சிடார் மரத்தில். பெயின்ட் அடிக்காமலே மழையைத் தாங்குகிறது. குளிர் நாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே தூண் குழி 4 அடியாவது போக வேண்டும். இல்லாவிட்டால் உறைந்த மண் தூணை மேலே தள்ளி, பார்த்துப் பார்த்து வைத்த மட்டமெல்லாம் போய்விடும். தண்டவாளத்தையும் மரத்தோடு இறுக்கி முடுக்க வேண்டாம். பித்தளைத் தண்டவாளம் 10 மீட்டருக்கு, மைனஸ் 20 டிகிரியிலிருந்து 30 டிகிரி வரை போனால், ஏறக்குறைய 1 செ.மீ. நீளும். மரம் நீளவாக்கில் அந்த அளவு நீளாது. ஸ்க்ரூ துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, தண்டவாளம் நகர இடம் விட்டு வைத்திருக்கிறோம்.