கல்லூரி மாணவர்களுக்குத் தங்கல் தியானம்: நிரலைப் பார்த்துச் சொல்லுங்கள்

பொருநைக்கரை:

வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியின் கத்தோலிக்க மாணவர்களுக்கு ஆண்டு தியானம் ஏற்பாடு செய்கிறோம். பொங்கல் விடுமுறை முடிந்தபின் ஒரு வெள்ளி மாலை 5 மணிக்குத் தொடங்கி, ஞாயிறு மதியச் சாப்பாட்டோடு முடிக்க எண்ணம். மாணவிகள் 36, மாணவர்கள் 24, ஆக 60 பேர். ஊருக்கு வெளியே ஒரு தியான இல்லத்தில் தங்கல். எங்கள் பக்கம் ஒரு ஃபாதர், ஒரு சிஸ்டர், பேராசிரியர்கள் மூவர்.

இப்போதைய நிரலில் சனிக்கிழமை மட்டும் ஒரு மணி நேர உரைகள் ஐந்து. மாலை 7 மணிக்குப் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் தனியாகப் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது), 8.30-க்குச் சாப்பாடு, 9 முதல் 12 வரை ஆராதனையும் குணமளிப்பு செபமும். ஞாயிறு காலை 5.30-க்கு எழுப்புவோம்.

இது தாங்குமா? எதைக் குறைக்கலாம்? ஃபோனை வாங்கி வைப்பதா வேண்டாமா? சி.எஸ்.ஐ., பெந்தகோஸ்தே பிள்ளைகள் நாலைந்து பேரும் வருகிறோம் என்கிறார்கள், அவர்களை எப்படி நடத்துவது?

குருசடி:

பாவசங்கீர்த்தனத்தை முதலில் கணக்குப் போடுங்கள். மற்ற எல்லா நேரமும் அதைச் சுற்றித்தான் அமையும். பள்ளி வயதில் பெறும் உறுதிபூசுதல் சடங்குக்குப் பிறகு அந்தப் பக்கமே போகாதவர்கள் இந்த வயதில் நிறைய இருப்பார்கள். பாஸ்காவுக்கு (ஈஸ்டருக்கு) முன் பங்கில் ஆளுக்கு இரண்டு நிமிடத்தில் நகரும் வரிசையை மனதில் வைத்துத் திட்டமிட்டால் ஏமாந்துபோவீர்கள். ஆளுக்கு 8 நிமிடம் வையுங்கள். 60 பேருக்கு 480 நிமிடம். ஒரே குரு என்றால் எட்டு மணி நேரம். நான்கு குருக்கள் என்றால் இரண்டு மணி. ஐந்து பேர் வந்தால் 96 நிமிடம்.

நீங்கள் வைத்திருக்கும் சனி மாலை 7 மணிக்கு ஐந்து குருக்களைத் திரட்டவே முடியாது. பல பங்குகளில் அன்று மாதா நவநாள், ஞாயிறுக்கான முன்மாலைத் திருப்பலி என்று இருக்கும். மதியம் 2.30 முதல் 4.45 வரை மாற்றுங்கள். முதல் 20 நிமிடம் எல்லோரும் சேர்ந்து இறைவார்த்தை வழிபாடு, ஆன்ம ஆய்வு, பிறகு தனித்தனியாக. குருக்களுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லி, போக்குவரத்துக்கு வண்டியும் நீங்களே அனுப்புங்கள். வருபவர்களில் மூன்று பேராவது கல்லூரிக்குச் சம்பந்தமில்லாதவர்களாக இருக்க வேண்டும். இன்டர்னல் மார்க் போடுகிற ஃபாதரிடம் எந்தப் பிள்ளையும் மனம் திறக்காது.

இருக்கைகளை எல்லோர் கண்ணுக்கும் படுகிற இடத்தில், ஆனால் பேச்சுக் காதில் விழாத தூரத்தில் போடுங்கள். சிற்றாலயத்தின் நான்கு மூலை, வராந்தாவின் இரு கோடி நல்ல இடங்கள். மூடிய அறை வேண்டாம். முகம் காட்ட விரும்பாதவர்களுக்காக ஓர் இடத்தில் தடுப்புத் திரை கட்டாயம் இருக்கட்டும். அரைப் பக்கத் தாள் ஒன்றில் எப்படித் தொடங்குவது, பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனத்துயர் செபம் இரண்டையும் அச்சடித்துக் கொடுங்கள். செபம் மறந்துபோன கூச்சத்திலேயே வரிசையை விட்டுப் போகிறவர்கள் உண்டு. நேரம் போதவில்லை, தனித்தனியே கேட்காமல் எல்லோருக்கும் சேர்த்துப் பொதுப் பாவமன்னிப்பு கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். திருச்சபைச் சட்டம் 961 அதைச் சாவு ஆபத்துக்கும் கடும் தேவைக்கும்தான் அனுமதிக்கிறது. குருக்களை அழைக்காமல் விட்டது கடும் தேவை ஆகாது.

அடுத்தது உரைகள். சனிக்கு மூன்று போதும், ஒவ்வொன்றும் 30 நிமிடம். ஒவ்வோர் உரைக்குப் பிறகும் 45 நிமிடம் தனித் தியானம். தியானம் கொடுப்பவர் சுருக்கமாகச் சொல்லி நிறுத்த வேண்டும், மீதியைத் தியானிப்பவரே கண்டடைந்து சுவைக்க வேண்டும் என்பது இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் வழி. 1922-இல் திருத்தந்தை 11-ஆம் பயஸ் அவரைத் தியானங்களுக்குப் பாதுகாவலராக அறிவித்தார். ஐந்து உரை வைத்தால் பிள்ளைகள் கேட்பார்கள், குறிப்பெடுப்பார்கள், வகுப்பறை மாதிரியே உட்கார்ந்திருப்பார்கள். செபிக்க மாட்டார்கள்.

தனித் தியானத்துக்கு "போய் செபியுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் பத்தாவது நிமிடத்தில் மரத்தடியில் கூட்டம் சேர்ந்துவிடும். ஒரு விவிலியப் பகுதி, இரண்டு கேள்விகள், எழுத இடம், இவ்வளவும் கொண்ட தாளைக் கையில் கொடுங்கள். சனிக்கிழமைக்கு மாற்கு 10:46-52 பர்த்திமேயு, லூக்கா 15:11-32, யோவான் 21:1-19 நல்ல வரிசை. பார்வையற்ற பர்த்திமேயுவிடம் இயேசு கேட்ட "நான் உமக்கு என்ன செய்ய வேண்டும்?" என்ற கேள்வியையே அவர்களுக்கும் கேள்வியாக வைக்கலாம். வெள்ளி இரவுக்கு 1 அரசர் 19. சாக விரும்பிப் படுத்த இறைவாக்கினர் எலியாவை வானதூதர் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறார், மறுபடி தூங்க விடுகிறார், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கடவுள் பேசுவது அதற்கப்புறம் ஓரேபு மலையில்தான்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். வாரம் முழுக்க வகுப்பு, ரெக்கார்டு நோட்டு என்று ஓடி வருகிற பிள்ளைகள். வெள்ளி இரவு 9.45-க்கு விளக்கை அணைத்து, சனி காலை 6.30-க்கு எழுப்புங்கள். நள்ளிரவு வரை வழிபாடு, 5.30-க்கு எழுப்பல் என்றால் ஞாயிறு காலை பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள்; மீதிப் பேர் களைப்பில் வரும் அழுகையைத் தூய ஆவியின் தொடுதல் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மௌனத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். வெள்ளி இரவு செபத்திலிருந்து சனி காலைச் சாப்பாடு வரை ஒன்று. சனி 9 மணியிலிருந்து மதியம் வரை இன்னொன்று. மதியச் சாப்பாட்டில் பேசட்டும். மாலை தேநீருக்குப் பின் எட்டெட்டுப் பேராகக் குழுப் பகிர்வு, பிறகு ஞாயிறு காலை வரை முழு மௌனம். ஏன் மௌனம் என்று வெள்ளிக்கிழமையே ஐந்து நிமிடம் விளக்கிவிடுங்கள். விளக்காமல் வைத்தால் அதை ஹாஸ்டல் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

உப்பளம்:

குருசடி சொன்னதோடு நடைமுறை விஷயங்கள் சில.

ஃபோனை வாங்குங்கள், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டு. துணிப்பை, அதில் எண் அட்டை, கையில் அதே எண்ணில் டோக்கன். பெற்றோருக்கு இரண்டு தொடர்பு எண் (ஃபாதர், சிஸ்டர்) ஒரு வாரம் முன்பே போய்ச் சேர வேண்டும். சனி இரவு 7.30-க்கு 15 நிமிடம் மட்டும் மௌனத்தைத் தளர்த்தி வீட்டுக்குப் பேச விட்டால் பதற்றம் குறையும். எல்லோரும் மறக்கிற ஒன்று: பிள்ளைகளின் விவிலியமும் பாட்டும் ஃபோனில்தான் இருக்கும். ஆகவே 60 அச்சு விவிலியம், பாட்டுத் தாள், பேனா, சுவர்க் கடிகாரம், ஒரு கைமணி ஏற்பாடு செய்யுங்கள்.

சாப்பாடு: ஒரு வேளைக்கு ஆளுக்கு 125 கிராம் அரிசி, பொறுப்பாளர்களையும் சேர்த்து 65 பேருக்கு 8 கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே வரும். குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் பத்து. தேநீர் ஒரு தடவைக்கு 10 லிட்டர். சனி மதியம் பிரியாணி போடாதீர்கள். அதற்குப் பிறகுதான் ஆன்ம ஆய்வு, யார் கண் விழித்திருப்பார்கள்? சாம்பார், கூட்டு, மோர் போதும்; கறிச் சாப்பாட்டை ஞாயிறுக்கு வையுங்கள். வெள்ளி இரவு சைவம்.

வழிபாட்டுப் பொருளை வியாழக்கிழமையே எடுத்து மேசையில் பரப்பிச் சரிபாருங்கள். இரசக்கிண்ணம், அப்பத்தட்டு, துகில்கள், திராட்சை இரசம், வாசக நூல், திருப்பலி நூல், குருக்களின் எண்ணிக்கைக்குத் தோள்துகில். ஆராதனைக்குப் பெரிய அப்பம் ஒன்றை அன்றைய திருப்பலியிலேயே அர்ச்சிக்க வேண்டும். அது கதிர்ப்பாத்திரத்தின் (ஆராதனையில் அந்த அப்பத்தை வைத்துக் காட்டும் பாத்திரம்) கண்ணாடிக் கூட்டுக்குள் நுழைகிறதா என்று முந்தின நாளே வைத்துப் பாருங்கள். அளவு பொருந்தாமல் கடைசி நிமிடத்தில் தடுமாறுவது அடிக்கடி நடப்பது. தியான இல்லத்தில் நற்கருணைப் பேழை (அர்ச்சித்த அப்பத்தை வைக்கும் பெட்டி) இல்லையென்றால் அப்பத்தை எண்ணி வையுங்கள், மிஞ்சக் கூடாது. ஞாயிறு திருப்பலி 11 மணி என்றால் தேநீரும் பிஸ்கட்டும் 10.15-க்குள் முடியட்டும், நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பு இருக்கிறது.

கார்த்திகைப்பூ:

மாணவர் ஆலோசனைப் பணியின் பக்கமிருந்து சொல்கிறேன். முதலாமாண்டில் 17 வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள். சட்டப்படி அவர்கள் சிறார். பெற்றோர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் இல்லாமல் யாரையும் பேருந்தில் ஏற்றாதீர்கள். அதே தாளில் ஆஸ்துமா, வலிப்பு, சர்க்கரை, ஒவ்வாமை, சாப்பிடும் மாத்திரை எல்லாம் கேளுங்கள். மாணவிகள் 36 பேருக்கு ஒரு சிஸ்டர் போதாது. இன்னும் இரண்டு பெண் பொறுப்பாளர்கள் அவர்கள் தளத்திலேயே இரவு தங்க வேண்டும். கழிவறை எத்தனை என்று நேரில் போய் எண்ணுங்கள். எட்டுப் பேருக்கு ஒன்றுக்குக் குறைந்தால் காலை நேரம் முழுக்கச் சரிந்துவிடும். நாப்கின் ஒரு பை நிறைய இருக்கட்டும்.

குணமளிப்பு செபம்தான் எனக்குப் பெரிய கவலை. இருட்டு, உரத்த இசை, "உன் வாழ்க்கையில் உன்னைக் காயப்படுத்தியவரை நினைத்துப் பார்" என்ற அழைப்பு, மூன்று மணி நேரம். வீட்டில் வன்முறையையோ பாலியல் துன்பத்தையோ சந்தித்த பிள்ளைக்கு அந்தக் கணம் பழைய புண்ணைக் கிழித்துவிடும். அதைத் தைக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள், மறுநாள் மதியம் பேருந்து ஏறி ஊருக்குப் போய்விடுவார்கள். குழுப் பகிர்விலும் யாரையும் பேச வற்புறுத்தாதீர்கள். பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது சனி முழுக்க அங்கேயே இருக்கச் செய்யுங்கள். யாராவது தற்கொலை எண்ணத்தைச் சொன்னால், பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியே கேட்டவர் ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்கக் கூடாது. அந்தப் பிள்ளையைத் தனியே விடாமல் உடனே ஆலோசகரிடம் அழைத்துப் போக வேண்டும். அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மனஸ் 14416 எண்ணையும் சுவரில் ஒட்டி வையுங்கள்.

மாடத்துவிளக்கு:

கார்த்திகைப்பூ சொல்லும் ஆபத்து உண்மை. ஆனால் புகழ்ச்சி செபத்தையே எடுத்துவிடாதீர்கள். மௌனம் பிடிபடாத பிள்ளைக்குப் பாட்டுத்தான் வாசல். வெள்ளி இரவு 8 மணிக்கு, விளக்கு எரியும்போதே, 30 நிமிடம் புகழ்ச்சிப் பாடல்கள். சனி இரவு 8 முதல் 9 வரை ஆராதனை: தொடக்கப் பாடல், ஒரு நற்செய்திப் பகுதி, 25 நிமிடம் முழு அமைதி, பொதுவான மன்றாட்டு, நற்கருணை ஆசீர். தலையில் கைவைத்துச் செபிப்பது, ஒவ்வொருவரின் நிலையையும் மைக்கில் வெளிப்படுத்துவது இரண்டும் வேண்டாம். பாடகர் குழுவிடம் அந்த 25 நிமிடம் கீபோர்டைத் தொடக் கூடாது என்று திட்டமாகச் சொல்லிவிடுங்கள். அமைதி மூன்று நிமிடம் நீண்டாலே அவர்கள் கை தானாக வாசிக்கத் தொடங்கும். ஆசீருக்குப் பின்னும் இருக்க விரும்புகிறவர்கள் 9.45 வரை பேழைமுன் இருக்கட்டும். கதிர்ப்பாத்திரத்தைத் திறந்து வைத்திருக்கும் வரை சிற்றாலயம் ஒரு நொடியும் ஆளில்லாமல் இருக்கக் கூடாது.

பொருநைக்கரை:

மிக்க நன்றி. உரைகளை மூன்றாக்கிவிட்டோம், பாவசங்கீர்த்தனம் மதியம் 2.30-க்கு. மற்ற சபைப் பிள்ளைகள் பற்றி யாரும் சொல்லவில்லையே?

குருசடி:

தாராளமாக வரட்டும். உரை, தனித் தியானம், பகிர்வு, ஆராதனை எல்லாவற்றிலும் இருக்கலாம். நற்கருணை வாங்க இயலாது என்பதை வெள்ளி மாலையே அவர்களிடம் தனியாக, அன்பாக, காரணத்தோடு சொல்லுங்கள். நற்கருணை நேரத்தில் மைக்கில் அறிவித்தால் அறுபது பேர் முன் அவமானப்பட்டதாகவே உணர்வார்கள். வரிசையில் வந்து நெஞ்சில் கை குறுக்கே வைத்தால் ஃபாதர் ஆசீர் தரலாம். அதை அவரிடம் முன்பே பேசி வையுங்கள். சனி மதியம் அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாவிட்டாலும், விரும்பினால் ஒரு குருவிடமோ சிஸ்டரிடமோ பத்து நிமிடம் மனம்விட்டுப் பேசலாம். அதற்குத் தனி நாற்காலி ஒன்று போட்டு, பக்கத்தில் ஒரு பெயர்ப்பட்டியலும் வையுங்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளிலேயே சிலர் முதலில் அந்த நாற்காலிக்கு வந்துவிட்டு, பிறகுதான் வரிசைக்குப் போவார்கள். அதற்கும் நேரம் ஒதுக்கி வையுங்கள்.