விறகில் காயும் வெந்நீர்த் தொட்டி: அப்பா உட்கார்ந்து குளிக்க வேண்டும், யாராவது கட்டியிருக்கிறீர்களா?

தோட்டத்துப் பிள்ளை (புக்கிட் மெர்த்தாஜாம்)

வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். இரண்டு முழங்காலும் போய்விட்டன. போன பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரில் அத்தை வீட்டுக்குப் போனபோது செலாயாங் வெந்நீர்க் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அரைமணி நேரம் காலை ஊறவைத்தார். அன்று இரவு அவர் முனகல் இல்லாமல் தூங்கியதை நான் பார்த்தேன். அதற்காக மாதா மாதம் நாலு மணி நேரம் கார் ஓட்டி அங்கே போக முடியாது.

தோட்டத்தில் இருந்தபோது லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் ஒரு டிரம்மைக் கல்லடுப்பில் ஏற்றி, ரப்பர் கட்டை வைத்துத் தண்ணீர் காய்ச்சுவார்கள். தீபாவளி விடியலில் அந்தப் புகை வாசனையோடுதான் எண்ணெய்க் குளியல். அப்பா இன்னும் அதைச் சொல்வார். அதனால் வீட்டிலேயே ஒரு தொட்டி கட்டிவிடலாம் என்று இறங்கியிருக்கிறேன். எங்கள் வீடு வரிசையின் கடைசி வீடு, பக்கத்தில் பதினைந்து அடி காலி இடம் இருக்கிறது.

கையில் இருப்பது: மீன் வளர்க்கும் நண்பர் கொடுத்த 100 கேலன் பைபர் தொட்டி, ஏர்கோன் கடையில் வாங்கிய முக்கால் அங்குல செம்புக் குழாய் ஒரு சுருள், ஒரு காலி கேஸ் தோங் (சிலிண்டர்). தோங்கை அறுத்து அடுப்பாக்கலாம் என்று நினைக்கிறேன். வீடியோக்களில் பனி விழும் ஊர்க்காரர்கள் செய்வதைத்தான் பார்க்கிறேன். பம்ப் இல்லாமல் தண்ணீர் சுற்றுமா? எவ்வளவு விறகு ஆகும்? பைபர் தாங்குமா?

குழாய்க்காரர் (பாலிக் பூலாவ்)

தம்பி, முதல்ல அந்த கேஸ் தோங்கை அறுக்காதீங்க. காலின்னு நாம நினைக்கிற தோங்குக்குள்ள மிச்ச வாயு இருக்கும். கிரைண்டர் பொறி ஒண்ணு போதும். அடுப்பைச் செங்கல்லுல கட்டுங்க, உள் சுவருக்கு மட்டும் தீ தாங்குற கல் வாங்குங்க. அதுக்கு ஆகுற செலவைப் பார்க்காதீங்க.

நான் ஆறு வருஷத்துக்கு முன்னாடி இங்க கம்பத்து (கிராமத்து) வீட்டுல ஒண்ணு கட்டினேன். இன்னைக்கும் ஓடுது. குழாய் வேலைதான் என் பிழைப்பு, அதனால தெரிஞ்சதைக் கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

பம்ப் வேண்டாம். சூடான தண்ணி லேசாகி மேல போகும், குளிர்ந்தது கனத்து அடியில இறங்கும். தொட்டியோட அடியில ஒரு ஓட்டை, மேல்பக்கம் ஒரு ஓட்டை. அடி ஓட்டையில இருந்து குழாய், அடுப்புக்குள்ள இருக்குற செம்புச் சுருளோட கீழ்முனைக்குப் போகணும். சுருளோட மேல்முனை தொட்டியோட மேல் ஓட்டைக்கு வரணும். அடுப்பு தொட்டியைவிடத் தாழ்வா இருந்தா சுற்று நல்லா ஓடும். தொட்டியை ரெண்டு வரிசை செங்கல் மேடையில தூக்கி வைங்க. தண்ணியும் ஆளும் சேர்ந்தா அரை டன்னைத் தாண்டும், வெறும் புல்தரையில வைச்சா ஒருபக்கம் புதையும். மேடைக்கு அடியில கொங்கிரீட் போட்டுடுங்க.

இப்ப முக்கியமான விஷயம். அடுப்புல இருந்து தொட்டிக்கு வர்ற மேல் குழாய் முழுக்க ஏறிக்கிட்டே வரணும். எங்கேயும் மேடு விழுந்து இறங்கக் கூடாது. முதல் தடவை நான் அதை மதில் ஓரமா வளைச்சுக் கொண்டுபோனேன், நடுவில நாலு விரல் அளவு மேடு. தீ மூட்டிப் பத்து நிமிஷத்துல குழாய்க்குள்ள டொக், டொக்னு சத்தம், யாரோ உள்ளே இருந்து சுத்தியலால தட்டுற மாதிரி. தொட்டியில கை விட்டா பச்சைத்தண்ணி. ஈரத்துணியைச் சுருள் பக்கம் குழாய் மேல வைச்சேன், சொய்னு காஞ்சுபோச்சு. மேட்டுல காத்து அடைச்சுத் தண்ணி நின்னுபோச்சு, சுருள்ல இருந்தது கொதிக்குது. என்னன்னு பார்க்க என் மனைவி குனிஞ்ச நேரம் மேல் வாய் நீராவியும் வெந்நீரும் சேர்த்துக் கக்கிடுச்சு. அவங்க முன்கையில அந்தத் தழும்பு இன்னும் இருக்கு. அதனால சொல்றேன்: நூல் பிடிச்சு, மட்டக்கோல் வைச்சு, குழாய் முழுக்க ஏறுதான்னு பார்த்த பிறகுதான் தீக்குச்சியை எடுக்கணும்.

அதே காரணத்துக்காக அந்த ரெண்டு குழாயில எதுலயும் வால்வு போடாதீங்க. யாராவது தெரியாம மூடினா சுருள் வெடிக்கும். தண்ணி நிரப்பாம தீ மூட்டவே கூடாது. செம்பு உருக ஆயிரம் டிகிரிக்கு மேல வேணும், ஆனா ஈயப்பற்று 200 டிகிரி சுமாருலயே இளகிடும். தீ படுற இடத்துல பற்று வைச்ச இணைப்பே வேண்டாம், ஒரே குழாயா சுத்துங்க. குழாய்க்குள்ள காஞ்ச பொடிமணலை இறுக்கி நிரப்பி, ரெண்டு முனையும் அடைச்சு, ஒரு உருளை மேல மெதுவா சுத்தினா நசுங்காது. பிறகு மணல் முழுக்க வெளியே வந்துச்சான்னு தண்ணி பாய்ச்சிப் பார்க்கணும். தீக்குள்ள ஜி.ஐ. குழாய் போடாதீங்க, மேல பூசின துத்தநாகம் எரிஞ்சு வர்ற புகை நெஞ்சுக்கு ஆகாது. சூடு வர்ற பக்கம் பி.வி.சி.யும் கூடாது, 60 டிகிரிக்கு மேல இளகிடும். தொட்டி வரைக்கும் செம்பே போகட்டும், ஓட்டையில பித்தளை இணைப்பு. பைபர் 40 டிகிரி தண்ணியைத் தாராளமா தாங்கும், ஆனா அடுப்புச் சுவருக்கும் அதுக்கும் நடுவுல ரெண்டு அடியாவது விடுங்க. மேல் வாய்க்கு முன்னாடி ஒரு மரத்தட்டி அடிச்சு வைங்க, அப்பா முதுகு அதுல படக் கூடாது.

மேல் ஓட்டை எப்பவும் தண்ணிக்குள்ள இருக்கணும். இதுல ஒரு கணக்கு பலபேருக்குத் தப்பும். அப்பா உள்ளே உட்கார்ந்தா தண்ணி உயரும், வழியும். அவர் எழுந்து வெளியே வந்ததும் மட்டம் குறையும். 60 கிலோ ஆளுன்னா ஏறக்குறைய 60 லிட்டர். ஒரு மீட்டர் அகலத் தொட்டியில அது ஏழெட்டு சென்டிமீட்டர். அப்ப மேல் ஓட்டை வெளியே தெரிஞ்சா சுற்று நின்னுடும், அடுப்புல கங்கு இருந்தா மறுபடியும் அந்த டொக் டொக்தான். ஆள் இல்லாத மட்டத்துக்குக் கீழ ஒரு சாண் விட்டு ஓட்டை போடுங்க.

விறகுக்கு வருவோம். வீடியோக்காரங்க தண்ணி 10 டிகிரியில தொடங்கும். நம்ம குழாய்த் தண்ணியே 28. உங்க 100 கேலன்னா 450 லிட்டர். 39க்குக் கொண்டுபோக 11 டிகிரி ஏத்தினாப் போதும், ஏறக்குறைய 5,000 கிலோகலோரி. அவங்களுக்கு 13,000. காஞ்ச கட்டை ஒரு கிலோ 3,500ல இருந்து 4,000 வரைக்கும் தரும், பாதிக்கு மேல புகைபோக்கி வழியா போயிடும். என் அடுப்புல அஞ்சு கிலோ ரப்பர் கட்டை போதுமா இருக்கு.

அதனால நம்ம ஊர்ல சூடேத்துறது சுலபம், அடக்குறதுதான் கஷ்டம். 36 வந்ததும் புது விறகு போடாதீங்க. செங்கல்லும் கங்கும் மீதியை ஏத்திடும். அளக்குறதுக்கு முன்னாடி துடுப்பு வைச்சு அடிவரைக்கும் கலக்குங்க, இல்லாட்டி மேல 44, அடியில 32ன்னு இருக்கும். மீறிப் போச்சுன்னா கங்கை இடுக்கியால வெளியே இழுத்து மணல் வாளியில போடுங்க. சுடுற கல் மேல தண்ணி ஊத்தினா வெடிக்கும். சூட்டைக் குறைக்கத் தொட்டியில இருந்து தண்ணியை இறக்காதீங்க, மேல இருந்து பச்சைத்தண்ணி விட்டு வழிய விடுங்க. 42ல இருந்து 39க்கு வர 120 லிட்டர் மாதிரி ஆகும்.

சரக்கு ஏத்துற பாலட் பலகை எரிக்கிறதா இருந்தா அதுல இருக்குற முத்திரையைப் பாருங்க. எச்.டி.ன்னு இருந்தா சூடு காட்டினது. எம்.பி.ன்னு இருந்தா மெத்தில் புரோமைடு அடிச்சது, அடுப்புக்கு ஆகாது. சாயம் பூசினது, மருந்து ஏத்திப் பச்சை நிறமா இருக்குற மரம் எதுவும் வேண்டாம்.

செந்தூல்வாசி

மாற்றுக் கருத்தாகச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குளியலறை ஹீட்டர் 3.6 கிலோவாட் என்றால் இதே தொட்டியை நிரப்ப ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். புகை இல்லை, வெடிப்பு இல்லை. விறகுதான் வேண்டும் என்றால் புகைபோக்கியைக் கூரை ஓரத்துக்கு மேல் ஏற்றுங்கள், பக்கத்து வீட்டில் துணி காயாத நேரமாகப் பாருங்கள். 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்த வெளியில் எரிப்பதைத் தடுக்கிறது, அதனால் தரையில் குவித்து எரிக்கும் எண்ணம் வேண்டாம். புகைமூட்ட நாட்களில் அடுப்பைத் தொடவே கூடாது. என் பிள்ளைக்கு இளைப்பு இருக்கிறது, அந்த வாரங்களில் ஒரு வீட்டுப் புகைகூட எங்களுக்குக் கனக்கும்.

ஓய்வுபெற்ற தாதி (கிள்ளான்)

தம்பி, அப்பாவுக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருக்கிறதா? ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறாரா? இதைக் கேட்காமல் நான் குழாயைப் பற்றிப் பேச மாட்டேன்.

இனிப்புநீரில் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது. "நல்லா இதமா இருக்கு" என்பார், தோல் வெந்திருக்கும். வார்டில் அப்படி வந்த பாதங்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். சுடுநீர் வாளியில் கால் வைத்தவர்கள்தான் அவர்கள். அதனால் தண்ணீரை அவர் சோதிக்கக் கூடாது, நீங்கள் வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும். அவருக்கு 38 போதும். 40ஐத் தாண்டவே கூடாது. பத்து நிமிடத்தில் தொடங்குங்கள், பதினைந்துக்கு மேல் போக வேண்டாம். நம் ஊர் ஈரக் காற்றில் வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம் அல்லது விடியற்காலை நல்லது.

வெந்நீரில் ரத்தக் குழாய்கள் விரியும், அழுத்தம் இறங்கும். மாத்திரை சாப்பிடுகிறவர் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். கைப்பிடி, உள்ளே ஒரு படி, வெளியே ஒரு படி, பக்கத்தில் ஒரு ஆள். முதலில் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, குளித்த தண்ணீரை வைத்திருக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கிருமி பெருகும். திறந்து கிடந்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும், ஒரு வாரம், பத்து நாளில் பறக்கும் கொசுவாகிவிடும். சுகாதார அதிகாரிகள் வந்து ஜெந்திக்-ஜெந்திக் (கொசுப் புழு) பார்த்தால் அபராதம் எழுதுவார்கள். அபராதத்தை விடுங்கள், என் தங்கை மகன் டெங்கியில் ஐந்து நாள் கிடந்தான். ஒவ்வொரு குளியலுக்கும் புதுத் தண்ணீர், முடிந்ததும் அடிவரை வடித்துத் துடைத்துக் கவிழ்த்தாற்போல் மூடி வையுங்கள்.

தோட்டத்துப் பிள்ளை

எல்லோருக்கும் நன்றி. தோங்கைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். தாதி அக்கா, அப்பாவுக்கு இனிப்புநீர் இல்லை, அழுத்த மாத்திரை உண்டு. வரும் வியாழன் கிளினிக்கில் கேட்கிறேன். செந்தூல் அண்ணே, ஹீட்டர் யோசனை நியாயம்தான். ஆனால் நேற்று அப்பா தானாக எழுந்து போய்க் கொல்லையில் விழுந்து கிடந்த ரம்புத்தான் கிளையைப் பராங்கால் துண்டு துண்டாக வெட்டி, மதில் ஓரம் அடுக்கிவிட்டார். எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் கத்தியைக் கையில் எடுத்தது அதற்காகத்தான். இனி விறகுதான்.

அண்ணே, குளித்து முடித்ததும் தொட்டியை வடித்தால் சுருளில் தண்ணீர் இருக்காதே, கங்கு இருந்தால்?

குழாய்க்காரர் (பாலிக் பூலாவ்)

சரியான கேள்வி. கங்கு முழுக்க வெளியே எடுத்து, அடுப்புக்குள்ள கை நீட்டினாச் சூடு தாங்கக்கூடிய அளவுக்கு ஆறின பிறகுதான் வடிக்கணும். நான் சாயங்காலம் குளிச்சா மூடி வைச்சிட்டு மறுநாள் காலையில வடிப்பேன். அந்தத் தண்ணி வாழைக்குப் போகும். சவர்க்காரம் தொட்டிக்குள்ள வேண்டாம், வெளியே தேய்ச்சுக் கழுவிட்டு உள்ளே இறங்கட்டும். ரம்புத்தான் நல்ல கட்டைதான், ஆனா பச்சையா எரிக்காதீங்க. பிளந்து, மழை படாம, காத்து போற இடத்துல சில மாசம் கிடக்கட்டும். அதுவரைக்கும் காஞ்ச ரப்பர் கட்டை வாங்கிக்குங்க.

தோட்டத்துப் பிள்ளை (ஏழு வாரம் கழித்து)

கட்டிவிட்டேன். டாக்டர் பத்து நிமிடம் சரி என்றார். மேல் குழாயை மூன்று முறை கழற்றி மாட்டினேன், மட்டக்கோலில் குமிழி ஓரத்துக்கு வந்த பிறகுதான் விட்டேன். இன்று காலை ஐந்தரைக்குத் தீ மூட்டினோம். பத்து நிமிடத்தில் மேல் வாயில் விரல் வைத்தேன், தண்ணீர் ஓடுவது தெரிந்தது, சத்தமே இல்லை. ஒன்றேகால் மணி நேரத்தில் 36, விறகை நிறுத்தினேன். மூடியைத் திறந்து கலக்கிப் பார்த்தபோது 38.

அப்பா கைப்பிடியைப் பிடித்து இறங்கி, கழுத்துவரை அமிழ்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பி மூச்சை இழுத்து, "உங்கம்மா இருந்திருந்தா சீயக்காய் கரைச்சிருப்பா" என்றார்.

ஒரே சந்தேகம் அண்ணே. வடிக்கும்போது தண்ணீர் லேசாகப் பச்சை காட்டியது. பயப்பட வேண்டுமா?

குழாய்க்காரர் (பாலிக் பூலாவ்)

புதுச் செம்பு, கூடவே பற்றுவைக்கப் பூசின பசையும் கழுவி வருது. இன்னும் ரெண்டு தடவை நிரப்பி, சும்மா சூடேத்தி வடிச்சிடுங்க, அப்பாவை இறக்க வேண்டாம். மூணாவது தடவை ஒரு வெள்ளைக் கிண்ணத்துல பிடிச்சுப் பாருங்க. தெளிவா இருந்தா இறங்கட்டும், பச்சை நின்னா எனக்குப் படம் போடுங்க.